எலியிடம் கேட்ட கேள்வி



இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் களைநாசினி தெளிப்பதை ‘மருந்து அடிக்கிறது’ என்றுதான் சொல்வார்கள். நஞ்சுக்கு மருந்து என்று பெயர் வைத்ததில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு சரிவில் ஏறும்போது மூடியின் விளிம்பிலிருந்து கரைசல் கசியும். சட்டை நனையும். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை ஈரத்துணி தோலோடு ஒட்டிக் கிடக்க, வியர்வையும் கரைசலும் ஒன்றாகக் கலக்கும். அந்தத் திரவம் வந்த போத்தலின் சிட்டையில், அடியில் ஒரு வண்ணப்பட்டி உண்டு. சர்வதேச வழிகாட்டலின்படி சிவப்பு மிகக் கொடியதைக் குறிக்கும், மஞ்சள் மிதமானதைக் குறிக்கும். நீலமும் பச்சையும் அதற்குக் கீழே வரும். வாசிக்கத் தெரியாதவருக்கும் விளங்கவேண்டும் என்பதற்காகத்தான் நிறம். அந்த நிறத்தை முடிவு செய்தவை ஆய்வுகூட எலிகள். எத்தனை மில்லிகிராம் ஊட்டினால் பாதி எலிகள் சாகும் என்ற கணக்கிலிருந்து பிறந்தது அந்தப் பட்டி.

விலங்குச் சோதனைக்கு மாற்று தேடும் முயற்சியைப் பற்றி இரக்கத்தின் பேரால் பேசுவதே வழக்கம். அந்த இரக்கத்தை நான் மதிக்கிறேன், பகிர்ந்தும் கொள்கிறேன். ஆனால் இந்தத் தோட்டங்கள் இருக்கும் சப்ரகமுவவில் நின்று பார்க்கும்போது அதைவிட வலுவான காரணம் ஒன்று கண்ணில் படுகிறது. எலி சொன்ன விடையை அப்படியே நம்பியதால் இந்த நாட்டில் மனிதர்கள் மாண்டார்கள். அதைத் திருத்திய அறிவு மனித உடலையும் மனிதக் குருதியையும் நேராகக் கேட்டதால் கிடைத்தது. என் உரை முழுவதும் இந்த ஒன்றைத்தான் நிறுவப் பார்க்கிறேன்.

முதலில் அந்த அளவுகோலின் பிறப்பு. 1927-இல் ஜே. டபிள்யூ. டிரெவன் என்ற பிரித்தானிய ஆய்வாளர், கூட்டத்தில் பாதி விலங்குகளைக் கொல்லும் அளவைக் கணிக்கும் முறையை வகுத்தார். எல்.டி. 50 என்று அதைச் சொல்கிறோம். அவர் கையிலிருந்த சிக்கல் வேறு. டிஜிற்றாலிஸ், இன்சுலின், டிப்தீரியா எதிர்நஞ்சு போன்றவை அக்காலத்தில் தொகுதிக்குத் தொகுதி வீரியம் மாறும் பொருட்கள். இரசாயன முறையில் அவற்றை அளக்க வழியில்லை. ஆகவே ஒரு தொகுதியை இன்னொன்றோடு ஒப்பிட அவருக்கு உயிருள்ள தராசு ஒன்று தேவைப்பட்டது. தராசு என்ற அளவில் அது நேர்மையான ஏற்பாடு. பின்னால் வந்தவர்கள் அதே தராசை எடுத்துப் பூச்சிமருந்து, சாயம், சவர்க்காரம் எல்லாவற்றையும் நிறுத்து, ‘இது மனிதருக்கு எவ்வளவு ஆபத்து’ என்ற கேள்விக்கு அதுவே விடை என்றார்கள். 1975 முதல் உலக சுகாதார ஸ்தாபனம் பீடைகொல்லிகளை வகுப்புப் பிரித்ததும் பெரும்பாலும் எலியின் எல்.டி. 50-ஐ வைத்துத்தான். ரஸல், பேர்ச் என்ற ஆய்வாளர்கள் 1959-இலேயே விலங்குச் சோதனைக்கு மாற்றீடு, குறைப்பு, செம்மையாக்கம் என்ற மூன்று நெறிகளை முன்வைத்திருந்தார்கள். பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி அமைப்பு 2002-இல் பழைய எல்.டி. 50 வழிகாட்டலை நீக்கி, குறைந்த விலங்குகளோடு முடியும் முறைகளைக் கொண்டுவந்தது. நல்ல முன்னேற்றம்தான். ஆனாலும் குறைந்த எலிகளிடம் கேட்டாலும் கேட்கிற கேள்வி பழையதே.

அந்தக் கேள்வி எங்கே சறுக்கியது என்பதை உலகத்துக்கு எண்களோடு காட்டியது இலங்கை. மிகக் கொடியதான முதலாம் வகுப்பைச் சேர்ந்த மொனோகுரோட்டோபொஸ், மெத்தமிடோபொஸ் என்ற பீடைகொல்லிகள் இரண்டும் 1995-இல் விலக்கப்பட்டன. எலி அட்டவணைப்படி அது சரியான முடிவு, பயனும் தந்தது. அவற்றின் இடத்தில் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்த என்டோசல்பன் பரவியது. அட்டவணையின் பார்வையில் அது ஒரு படி பாதுகாப்பானது. ஆனால் அதை உட்கொண்டவர்கள் நிற்காத வலிப்பில் இறந்தார்கள். 2003-இல் வெளியான ஆய்வொன்று, 1994-இல் ஒன்றாக இருந்த என்டோசல்பன் மரணம் 1998-இல் ஐம்பதாகியதையும், அவ்வாண்டு தடைவிதித்த பின் மூன்று ஆண்டுகளில் மூன்றாகக் குறைந்ததையும் பதிவு செய்தது. அடுத்த படி 2005-இல். மூன்று வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்ட 802 நோயாளரை ஆய்வாளர் மைக்கேல் எடில்ஸ்டனும் அவரோடு உழைத்த இலங்கை மருத்துவர்களும் பின்தொடர்ந்தார்கள். அவர்கள் உட்கொண்ட மூன்று கரிமப் பொஸ்பரசு மருந்துகளும் ஒரே இரண்டாம் வகுப்பு, ஒரே மஞ்சள் பட்டி. குளோர்பைரிபொஸ் உட்கொண்ட 439 பேரில் 35 பேர் இறந்தார்கள், நூற்றுக்கு எட்டு. டைமெதோயேட் உட்கொண்ட 264 பேரில் 61 பேர், நூற்றுக்கு 23. பென்தியனில் நூற்றுக்கு 16. எலியின் கணக்கில் குளோர்பைரிபொஸும் டைமெதோயேட்டும் ஏறக்குறைய ஒரே எண். மனிதரில் ஒன்று மற்றதைப்போல் மூன்று மடங்கு கொல்கிறது.

2002 முதல் 2008 வரை 9,302 நோயாளரைப் பற்றித் திரட்டிய தரவு 2010-இல் வெளிவந்தது. ஒரே வகுப்பில் அடைக்கப்பட்ட மருந்துகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரிந்தது. பட்டியலின் உச்சியில் நின்றது பரகுவாட். மஞ்சள் பட்டியோடு வந்த அந்தக் களைநாசினியை உட்கொண்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோர் பிழைக்கவில்லை. தேயிலை, இறப்பர் மலைகளில் பல தசாப்தங்கள் புல்லுக்கு அடித்தது அதைத்தான். அந்த ஆய்வு நடந்தது நெல் விளையும் வரண்ட நிலத்தில் என்பது உண்மை. ஆனால் அதே போத்தலும் அதே பட்டியும்தான் இங்கேயும் வந்தன. எலிக்குப் பரகுவாட் தீங்கற்றது என்று யாரும் சொல்லவில்லை. அதன் நுரையீரலையும் அது கெடுக்கத்தான் செய்கிறது. ஆனால் உடல் எடைக்கு இத்தனை மில்லிகிராம் என்ற ஒற்றை எண்ணுக்குள் முறிமருந்து இருக்கிறதா, போத்தலில் எவ்வளவு செறிவு, வைத்தியசாலைக்கு வந்து சேரும் நேரத்தில் எதைச் செய்யமுடியும் என்ற எதுவும் இல்லை. தோட்ட லயத்தில் நஞ்சருந்தியவரின் உயிர் தொங்குவது இவற்றில்தான். பாதுகாப்புக் காரணி என்று பத்தால் அல்லது நூறால் வகுத்துவிட்டால் போதாதா என்று கேட்பார்கள். எல்லா எண்களையும் ஒரே அளவில் வகுத்தால் வரிசை மாறாது. இங்கே தவறியது வரிசை.

டைமெதோயேட் ஏன் அப்படிக் கொன்றது என்பதற்கு ஒரு பகுதி விடை, எலி இல்லாத இடத்திலிருந்து வந்தது. கரிமப் பொஸ்பரசு மருந்துகள் அசற்றைல்கோலினெஸ்தரேஸ் என்ற நொதியைப் பூட்டிவிடுகின்றன. ஒக்சைம் வகை முறிமருந்து அந்தப் பூட்டைத் திறக்கும். ஆனால் நேரம் போகப் போகப் பூட்டு துருப்பிடித்து, சாவி போட்டாலும் திறக்காத நிலை வரும். இந்தத் துருப்பிடிப்பின் வேகத்தை ஜேர்மனிய ஆய்வாளர்கள் மனிதச் செங்குருதிக் கலங்களிலிருந்து எடுத்த நொதியைக் கொண்டு, சோதனைக் குழாயிலேயே அளந்தார்கள். குளோர்பைரிபொஸ் சேர்ந்த டைஎதைல் வகையில் பாதி நொதி துருப்பிடிக்க 33 மணித்தியாலம் ஆகும். டைமெதோயேட் சேர்ந்த டைமெதைல் வகையில் 3.7 மணித்தியாலம். மலைத்தோட்டத்திலிருந்து ஒருவரை லொறியிலோ முச்சக்கர வண்டியிலோ ஏற்றிப் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நேரத்தை அந்த 3.7-இன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரத்த வங்கியில் கிடைக்கும் சிறிதளவு குருதியும் ஒரு வெப்பத்தொட்டியும் சொல்லக்கூடிய இந்தச் செய்தி எந்த எல்.டி. 50 அட்டவணையிலும் இல்லை.

இதற்கு எதிராக இரண்டு வலுவான ஆட்சேபங்கள் உண்டு. ஒன்று, குழாயில் இருக்கும் நொதி முழு உடல் ஆகாது என்பது. நியாயமான பேச்சு, அதற்கு என்னிடம் மழுப்பல் இல்லை. டைமெதோயேட் நோயாளரின் இரத்த அழுத்தம் சரிந்து இறப்பதன் காரணத்தை எடில்ஸ்டன் குழுவினர் 2012-இல் சிறுவகைப் பன்றிகளில் ஆராய்ந்து, மருந்தோடு கலந்திருந்த கரைப்பானுக்கும் அதில் பங்கு உண்டு என்று கண்டார்கள். குருதிச் சுற்றோட்டம் முழுவதும் குலைவதைக் கண்ணாடிக் குழாயில் காணமுடியாது. ஆகவே எல்லா விலங்குச் சோதனையையும் நாளைக்கே நிறுத்து என்று சொல்பவரோடு நான் இல்லை. ஆனால் கவனியுங்கள்: அந்தச் சோதனை ஒரு குறித்த ஐயத்தைத் தீர்க்க நடந்தது, அந்த ஐயம் நோயாளர் படுக்கையருகே பிறந்தது. சட்டம் கேட்கிறது, படிவத்தில் கட்டம் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் எலிகளைக் கொல்வது வேறு காரியம்.

இரண்டாவது ஆட்சேபம் அதைவிடக் கூர்மையானது. நீங்கள் பெருமையாகச் சொல்லும் மனிதத் தரவு எங்கிருந்து வந்தது, மனிதர்களின் சாவிலிருந்துதானே, எலிக்குப் பதில் ஏழைக் கமக்காரரையும் தோட்டத் தொழிலாளியையும் சோதனைப் பொருளாக்கவா என்று கேட்கலாம். என் பதில் இது: அவர்கள் ஏற்கெனவே ஆக்கப்பட்டிருந்தார்கள். எலிச் சோதனையில் தேறிய பொருள் சந்தைக்கு வந்தபின் இரண்டாம் சோதனை அவர்கள் உடலில்தான் நடந்தது. யாரும் அப்படிப் பெயர் சூட்டவில்லை, நீண்ட காலம் யாரும் கணக்கு எழுதவுமில்லை. எழுதத் தொடங்கியதும் பயன் வந்தது. டைமெதோயேட், பென்தியன், பரகுவாட் மூன்றும் 2008 தொடங்கி 2011-க்குள் படிப்படியாக விலக்கப்பட்டன. ஒரு கணத்துத் துயரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே பலருக்கு வாழ்வும் சாவுமாகிறது. 1995 முதல் 2015 வரை இத்தடைகள் காத்த உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இனி வரும் மருந்துக்கு இந்த அறிவைப் பிணங்களிலிருந்து எடுக்கக்கூடாது என்றால், விற்பனைக்கு முன்பே மனித நொதியிலும் மனித நுரையீரல் கலங்களிலும் மனிதத் தோலிலும் பார்த்துவிட வேண்டும். மாற்று முறைகளின் தேவை இங்கே பிறக்கிறது.

மனிதத் தோல் என்றதும் முதுகில் கசியும் தாங்கி நினைவுக்கு வரவேண்டும். அறுவைச் சிகிச்சையில் அகற்றப்பட்ட தோலை மெல்லிய சீவலாக்கி, இரண்டு கண்ணாடி அறைகளுக்கு நடுவே திரைபோல் பொருத்துவார்கள். மேலறையில் மருந்து, கீழறையில் குருதிக்கு ஈடான திரவம். மணிக்கொருமுறை கீழிருந்து துளி எடுத்து, எவ்வளவு கடந்தது என்று அளப்பார்கள். 2004 முதல் இது சர்வதேச வழிகாட்டலாகவே இருக்கிறது. எலித்தோல் பல பொருட்களை மனிதத் தோலைவிட வேகமாக உள்ளே விடும். இங்கே எலி ஆபத்தைக் கூட்டிச் சொல்கிறது, பரகுவாட்டில் குறைத்துச் சொன்னது. எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டித் தெரியாத தராசுக்குப் படிக்கல் கட்டியும் பயனில்லை.

தடுப்பூசியின் தரச்சோதனையிலும் இதே கதை, ஆனால் அங்கே முடிவு கிட்டத்தில் வந்துவிட்டது. விசர்நாய்க்கடித் தடுப்பூசியின் வீரியத்தை அளக்கச் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, பின்னர் உயிருள்ள வைரசை மூளைக்குள் செலுத்தி, எத்தனை பிழைக்கின்றன என்று எண்ணுவார்கள். விலங்குச் சோதனைகளில் மிக வேதனை தருபவற்றுள் இதுவும் ஒன்று. அத்தனை வேதனைக்குப் பின் கிடைக்கும் விடையின் துல்லியம் எவ்வளவு தெரியுமா? மதிப்பிட்ட வீரியத்தின் 25 வீதத்துக்கும் 400 வீதத்துக்கும் இடையே உண்மை இருக்கலாம் என்ற அளவுக்குத் தளர்வான எல்லையை மருந்துத் தர விதிநூலே ஏற்கிறது. வைரசின் மேற்பரப்பிலுள்ள ஜி புரதம் குலையாத வடிவில் எவ்வளவு இருக்கிறது என்று காணும் எலைசா முறை அதைவிட நிதானமான விடை தருகிறது, அதுவும் சில வாரங்களுக்குப் பதில் சில மணித்தியாலங்களில். 1973-இல் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்த நாடு இது. இன்று ஆண்டுக்குச் சில பத்துப் பேர் என்ற அளவுக்கு இறங்கியது நாய்களுக்கும் கடிபட்டவர்களுக்கும் போட்ட ஊசியால்தான். அந்த ஊசியை நம்பும் நாட்டுக்கு நாலு மடங்கு ஊசலாடும் அளவீடு போதும் என்று எவரும் சொல்லக்கூடாது.

முடியாத கதை பாம்பு விஷமுறியில் இருக்கிறது, அது நேராக இத்தோட்டங்களின் கதை. இலங்கை வழங்கிவரும் விஷமுறி இந்தியாவில் செய்யப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கின் நஞ்சைக் குதிரைக்கு ஏற்றி எடுத்த சாரம். நஞ்சில் பெரும்பகுதி மாமல்லபுரத்துக்கு அருகே, வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. ஒரு மில்லிலீற்றர் விஷமுறி நாகத்தின் 0.6 மில்லிகிராம், கண்ணாடி விரியனின் 0.6, மற்ற இரண்டின் 0.45 மில்லிகிராம் நஞ்சை முறிக்கவேண்டும் என்பது விதி. முறிக்கிறதா என்று பார்ப்பது சுண்டெலியில்: கொல்லும் அளவைப்போல் மூன்று முதல் ஐந்து மடங்கு நஞ்சை விஷமுறியோடு கலந்து, 37 பாகை வெப்பத்தில் அரைமணி நேரம் வைத்து, பின்பு ஊசியேற்றுவார்கள். பாம்பு கடித்தவரின் உடலில் நஞ்சு முதலில் போகிறது, விஷமுறி மணிக்கணக்கில் பிந்தி வருகிறது. சோதனையில் இரண்டும் முன்கூட்டியே கைகுலுக்கிக்கொண்டு போகின்றன.

இரத்தினபுரி வைத்தியசாலை விடுதியில் இந்த ஊசிக்கு முன் மருத்துவர் செய்யும் சோதனையைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயொன்றில் ஓரிரு மில்லிலீற்றர் குருதி எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் 20 நிமிடம் வைப்பார்கள். பிறகு ஒரே ஒருமுறை சாய்ப்பார்கள். கட்டியாக நின்றால் ஆறுதல். தண்ணீராக ஓடினால், பெரும்பாலும் கண்ணாடி விரியனின் நஞ்சு உறைகாரணிகளைத் தின்று முடித்துவிட்டது என்று பொருள். சில ரூபாய்ச் செலவில் மனிதக் குருதி தானே சொல்லும் சாட்சி அது. இதே தத்துவத்தில், மனிதப் பிளாஸ்மாவில் இலங்கைக் கண்ணாடி விரியனின் நஞ்சை இட்டு, எவ்வளவு விஷமுறி சேர்த்தால் அந்த உறைதற்கேடு நிற்கிறது என்று அளக்கும் முறைகளை இலங்கை, அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பயன்படுத்தி வருகிறார்கள். சுண்டெலி செத்ததா பிழைத்ததா என்பதைவிட, நோயாளிக்கு எது நிகழப்போகிறது என்பதை இந்த அளவு கிட்டத்தில் நின்று சொல்கிறது. தசையைத் தளர்த்தும் நஞ்சுக்கு வேறு முறை வேண்டும் என்பதையும் மறைக்கத் தேவையில்லை. விஷமுறியே எழுப்பும் ஒவ்வாமை அதிர்ச்சியைச் சுண்டெலியால் முன்னறிவிக்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். அது நம் விடுதிகளில் அடிக்கடி காணும் ஆபத்து.

சிறிய நாடு, வாங்கும் நாடு, ஆய்வுகூட வசதி குறைந்த நாடு இதையெல்லாம் எப்படிக் கேட்பது என்ற தயக்கம் இறுதியில் வரும். பீடைகொல்லிகளில் கேட்டுக் காட்டினோமே. 1980-இன் 33-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பீடைகொல்லிப் பதிவாளர் அலுவலகம் எலி அட்டவணையைத் தாண்டி விடுதிப் பதிவேட்டைப் பார்த்து முடிவெடுத்தது. பணக்கார நாடுகள் பல அப்போது அதைச் செய்திருக்கவில்லை. மருந்துப் பக்கத்தில் 2015-இன் 5-ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. எலி வளர்க்கும் கூடம், பராமரிப்பு, ஆளணி எல்லாவற்றையும் சேர்த்தால் உறைதல் சோதனைக்கும் எலைசாவுக்கும் ஆகும் செலவு மலைக்க வைப்பதல்ல. 2022-இல் அமெரிக்காவும் 2023-இல் இந்தியாவும் மருந்து அனுமதிக்கு விலங்கல்லா முறைகளைச் சட்டத்திலேயே ஏற்றுக்கொண்டுவிட்டன. விற்பவரின் நாடே ஏற்றதை வாங்குபவர் கேள்விக்கோரலில் கேட்பதற்கு என்ன தடை? அதில் இரண்டு வரி சேர்த்தால் போதும்: ஒவ்வொரு தொகுதிக்கும் இலங்கைப் பாம்புகளின் நஞ்சுக்கெதிரான உறைதல் சோதனை முடிவு, மனிதப் பிளாஸ்மாவில்.

அப்படிக் கேட்கத் தொடங்கினால் இன்னொன்றும் வெளிச்சத்துக்கு வரும். இலங்கையில் நஞ்சேற்றும் கடிகளுள் மிகுதியானவற்றுக்குக் காரணம் பொலந்தெலிஸ்ஸா என்று சிங்களத்தில் சொல்லும், மூக்கு மேல்நோக்கி வளைந்த குழிவிரியன். இறப்பர் மரத்தடிச் சருகிலும் தேயிலைத் தூரிலும் கிடப்பது. பெரும்பாலும் வீக்கத்தோடு போய்விடும், சிலருக்குச் சிறுநீரகம் கெடும், அரிதாக உயிரும் போகும். இந்திய விஷமுறி அதற்கு வேலை செய்யாது, கொடுக்கவும் கூடாது. அதையும் சேர்த்து இலங்கைக்கென ஒரு விஷமுறியை உருவாக்கும் முயற்சியில் பேராதனைப் பல்கலைக்கழகமும் கொஸ்தாரிக்காவின் குளோடொமிரோ பிக்காடோ நிறுவகமும் கைகோர்த்தன. 2016-இல் அதன் ஆய்வுகூட முடிவுகள் வெளியாயின. தொகுதி தொகுதியாகச் சுண்டெலிச் சோதனையில் தேறிக் கப்பலேறிவரும் குப்பிகளின் சிட்டையில் நான்கு பாம்புகளின் பெயர் இருக்கிறது. விடியற்காலையில் இறப்பர்ப் பால் வெட்டப் போகிறவர் சருகில் கால் வைத்து மிதிக்கும் பாம்பின் பெயர் அதில் இல்லை.